இல்லாத நாடுகளின் சட்டம்

கம்பர் கோசல நாட்டை வருணிக்க முற்பட்டபோது, அந்நாட்டில் இல்லாதவற்றைச் சொல்லியே அதன் பெருமையை நிலைநாட்டினார். வறியவர் எவரும் இல்லாமையால் கொடைக்கு அங்கே வேலையில்லை என்றும், பொய் பேசுவார் இல்லாமையால் மெய்க்கென்று ஒரு தனிச்சிறப்பில்லை என்றும் அவர் கூறுகையில், படிக்கிற நெஞ்சம் நிறைகிறது. ஆனால் துன்பமே நேராத அந்தத் தேசத்தில் நியாயஸ்தலத்துக்கும் சட்டத்துக்கும் இடம் இருக்க முடியாது. கவிகள் சிருஷ்டிக்கும் நாட்டில் தீமை ஒழிந்துபோகிறது. சட்டம் கற்றவர் சிருஷ்டிக்கும் நாட்டிலோ தீமை இருந்துகொண்டேயிருக்கிறது, அதற்கு ஆளானவன் எங்கே போய் முறையிடுவது என்ற கேள்வியும் கூடவே எழுகிறது. இன்று மனித உரிமை என்று நாம் வழங்கும் பொருள் இந்த இரண்டாம் வகை நாட்டைச் சேர்ந்தது. அத்தகைய நாடு ஒன்றைத் தமிழில் முதன்முதலாகக் கற்பனை செய்து காட்டியவர், தொழிலால் ஒரு நீதிபதி.

மாயூரம் வேதநாயகம் பிள்ளை 1826-ஆம் ஆண்டில் திருச்சிராப்பள்ளியை அடுத்த குளத்தூரில் பிறந்து, தரங்கம்பாடி, சீர்காழி, மாயூரம் ஆகிய ஊர்களில் ஜில்லா முனிசீப்பாகப் பதவி வகித்தவர். உயர்ந்த நீதிமன்றங்களின் தீர்ப்புகள் இங்கிலீஷ் அறிந்த சிலருக்கு மட்டுமே உரிய இரகசியங்களாக அடைபட்டுக் கிடந்த காலத்தில், சதர் அதாலத்துத் தீர்ப்புகளைத் தமிழில் பெயர்த்துச் ‘சித்தாந்த சங்கிரகம்’ என்ற பெயரால் 1862-இல் வெளியிட்டார். தன்னை ஆளுகிற சட்டம் இன்னதென்று அறிந்துகொள்வது பிரஜையின் முதல் பாத்தியதை என்ற எண்ணம் இல்லாமல் ஒருவர் இத்தனை பெரிய உழைப்பை மேற்கொண்டிருக்க மாட்டார் என்பது என் துணிபு. பெண் கல்விக்காக நூல் எழுதியும், தாது வருஷப் பஞ்சத்தில் பசித்தவர்க்குக் கஞ்சி வார்த்தும் வாழ்ந்த அந்த மனிதரே 1879-இல் ‘பிரதாப முதலியார் சரித்திர’த்தை அச்சிட்டுத் தமிழின் முதல் நாவலாசிரியர் ஆனார்.

அந்நாவலில் வரும் விக்கிரமபுரி எந்தப் பூகோளப் படத்திலும் காணப்படாத ராஜ்யம். கணவனைப் பிரிந்து ஆண் வேஷம் பூண்டு அலையும் ஞானாம்பாள் அந்த ஊரை அடைகிற சமயத்தில், அரசனை இழந்த நாட்டுக்கு ஓர் அரசனைத் தேடி வந்த யானை அவள் கழுத்தில் மாலையிட, அவள் சிங்காசனம் ஏறுகிறாள். அதே நாட்டின் சிறையிலோ, நியாயமற்ற தீர்ப்பொன்றினால் தண்டிக்கப்பட்ட அவள் கணவன் பிரதாபன் வாடிக்கொண்டிருக்கிறான். பழைய கதைகளில் நூறுமுறை கேட்ட யானையும் மாலையும் இங்கும் வருகின்றனவே என்று எண்ணிப் புத்தகத்தை மூடிவிடலாகாது. அரியணை ஏறிய பின் ஞானாம்பாள் நடத்தும் அரசில் பழைய கதைகள் பேசாத விஷயங்கள் பேசப்படுகின்றன: ராஜாவின் கடமை என்ன, நீதிபதிகள் எப்படி நடந்துகொள்ள வேண்டும், சிறையில் கிடப்பவன் மெய்யாகவே குற்றவாளிதானா என்பன போன்றவை. அடைபட்டிருப்பவனை அதிகாரத்தின் முன் கொண்டுவந்து நிறுத்தி, இவனை எதன்பேரில் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்பதே ஆட்கொணர்வு மனுவின் சாரம்; அந்தச் சாரத்தை ஒரு கற்பனை ராணியின் கையில் வேதநாயகம் பிள்ளை ஒப்படைத்தார். கட்சிக்காரரும் வக்கீலும் நியாயாதிபதியும் தமிழராக இருந்தும், ஒருவனுடைய சொத்தையும் மானத்தையும் தீர்மானிக்கும் வாதம் அவனுக்கு விளங்காத பாஷையில் நடைபெறும் கொடுமையையும் அவர் அந்நாவலிலேயே வன்மையாகக் கண்டித்தார். தாம் தினந்தோறும் அமர்ந்த நாற்காலியிலிருந்து கண்ட குறை அது. ஆகவேதான் அந்தக் கண்டனத்தில் அத்தனை வேகம்.

ஆயினும் விக்கிரமபுரியின் நீதிக்கு ஒரு பலவீனம் உண்டு. யானை வேறொருவர் கழுத்தில் மாலையிட்டிருந்தால் பிரதாபன் சிறையிலேயே கிடந்திருப்பான். நல்ல அரசி இருக்கும்வரை மட்டும் கிடைக்கும் நியாயத்தைக் கருணை என்று சொல்லலாம், உரிமை என்று சொல்ல இயலாது. இந்தப் பேதத்தை மனத்திற்கொண்டு பார்த்தால், கற்பனை நாடுகளைப் பற்றிய மற்ற எழுத்துகளும் புதிய விளக்கம் பெறுகின்றன.

சங்கரன்கோவிலுக்கு மேற்கே மலைச்சாரலை நோக்கிப் போகிற பாதையில் உள்ள ராயகிரி போன்ற ஊர்களுக்குப் பாளையப்பட்டையும் ஜமீனையும் பற்றி எவரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. பக்கத்துச் சிவகிரியே ஒரு ஜமீனின் தலைநகராயிருந்த இடம். ஆளுகிறவன் சொல்லே சட்டமாயிருந்த அத்தகைய காலத்தில், தெற்கே திருவிதாங்கூர்ச் சமஸ்தானத்தில், சாமித்தோப்பைச் சேர்ந்த ஐயா வைகுண்டர் வரப்போகும் ‘தர்ம யுகம்’ ஒன்றைப் பிரகடனம் செய்தார். 1841-இல் எழுதப்பட்ட ‘அகிலத்திரட்டு அம்மானை’ அந்த யுகத்தை ஒரு குடையின்கீழ் அனைவரும் ஒன்றாக வாழும் காலமாகக் காட்டுவதோடு நிற்காமல், பனையேறிகள்மீதும் மற்ற எளியவர்மீதும் சமஸ்தானம் சுமத்திய வரிகளையும் ஊழியங்களையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கூறி அரற்றுகிறது. அதைச் சமயநூல் என்று வணங்குகிறவர்கள் பலர். எனக்கு அது வணக்கத்துக்குரிய நூலாக இருப்பதோடு, ஒரு குற்றப்பத்திரிகையாகவும் தோன்றுகிறது. வைகுண்டரைச் சிறையிலிட்ட சமஸ்தானத்துக்கு அவருடைய பேச்சும் அவ்வாறே தோன்றியிருக்க வேண்டும்.

இனிச் சென்னைக்கு வருவோம். கமலா சத்தியநாதன் என்ற அம்மையார் நடத்திய ‘இந்தியன் லேடீஸ் மேகஸின்’ என்னும் பத்திரிகையில் 1905-ஆம் ஆண்டு ‘சுல்தானாவின் கனவு’ என்ற சிறுகதை இங்கிலீஷில் வெளியாயிற்று. எழுதியவர் வங்காளத்தின் ரங்கபூர்ப் பக்கத்தில் 1880-இல் பிறந்து, பள்ளிக்கூடத்தில் காலடி வைக்க அனுமதியின்றித் தமையனிடமும் தமக்கையிடமும் எழுத்துக் கற்ற ரொக்கையா சகாவத் ஹுசேன். அக்கதையில் வரும் பெண்கள் நாட்டில் ராணியின் ஆணைப்படி பெண்குழந்தைகள் யாவரும் படிக்க வேண்டும். இருபத்தொரு வயது நிரம்பாத எந்தப் பெண்ணுக்கும் விவாகம் செய்யலாகாது. கடவுள் படைத்த உயிரைக் கொல்ல விரும்பாமையால் மரண தண்டனையும் அங்கே கிடையாது. பால்ய விவாகத்தைத் தடுக்கும் சாரதா சட்டம் நம் நாட்டில் நிறைவேறியது 1929-இல், அதுவும் பெண்ணுக்குப் பதினான்கு வயதை எல்லையாக வைத்துத்தான். அந்த எல்லை பதினெட்டாக உயர 1978 வரை பொறுக்க வேண்டியிருந்தது. இருபத்தொன்றாக்க 2021-இல் பாராளுமன்றத்தில் கொண்டுவரப்பட்ட மசோதா சட்டமாகாமலே காலாவதியாகிவிட்டது. ரொக்கையாவோ கதை எழுதியதோடு ஓயவில்லை. கணவர் மறைந்த பின் பெண்களுக்கென்று பள்ளிக்கூடம் தொடங்கி, அதை 1911 முதல் கல்கத்தாவில் நடத்தி, 1932-இல் தம் ஆயுள் முடிகிறவரை வீடுவீடாகச் சென்று பெண்குழந்தைகளைக் கேட்டு அழைத்துவந்தார்.

அக்கதையில் எல்லோரும் சூரிய வெப்பத்தைச் சேகரிக்கும் கருவியைப் பற்றியும் பறக்கும் வாகனத்தைப் பற்றியும் வியந்து பேசுவார்கள். என் மனம் நிலைகொள்ளும் இடம் வேறு. அண்டை நாட்டில் அரசியல் குற்றம் சாட்டப்பட்ட சிலர் பெண்கள் நாட்டுக்குள் வந்து தஞ்சம் புகுகிறார்கள். அவர்களைத் தன்னிடம் ஒப்படைக்கும்படி அண்டை நாட்டு மன்னன் கேட்கிறான். அடைக்கலம் வந்தவரைத் துரத்துவது தன் கொள்கைக்கு ஒவ்வாதென்று ராணி மறுக்கிறாள். அந்த மறுப்பினாலேயே யுத்தம் மூளுகிறது. அகதியை ஆபத்து காத்திருக்கும் நாட்டுக்குத் திருப்பியனுப்பலாகாது என்ற விதியை உலக நாடுகள் ஓர் உடன்படிக்கையில் எழுதியது 1951-இல். சென்னையில் அச்சான ஒரு பெண்ணின் கதை, அதற்கு நாற்பத்தாறு ஆண்டுகளுக்கு முன்பே, அவ்விதிக்காக ஒரு தேசம் போர்க்களத்தில் நிற்கவும் துணிய வேண்டும் என்று சொல்லிவிட்டது. அதே நாட்டில் ஆண்கள் யாவரும் அந்தப்புரத்தில் அடைக்கப்பட்டிருக்கிறார்கள் என்பதையும் மறைக்கலாகாது. பெண்களுக்கு இழைக்கப்பட்டதை ஆண்களுக்குத் திருப்பிக் காட்டவே ஆசிரியர் அவ்வாறு அமைத்தார். ஆனால் சட்டத்தின் கண்கொண்டு நோக்கினால், ஒரு பாதி மக்களைக் காவலில் வைத்து மறுபாதியினருக்குச் சுதந்திரம் அளிப்பது எந்த நாட்டிலும் அநீதியே.

கற்பனை நாடுகளில் இத்தகைய குறை புதிதன்று. தாமஸ் மோர் 1516-இல் எழுதிய ‘உட்டோப்பியா’ தீவில், அவரவர் விரும்பிய மதத்தைக் கைக்கொள்ள அனுமதி உண்டு, அடிமைகளும் உண்டு, அனுமதிச் சீட்டில்லாமல் தன் ஊரைவிட்டு வெளியூர் போனவன் அக்குற்றத்தை மறுபடி செய்தால் அவனே அடிமையாக்கப்படுவான். மனச்சாட்சியின் சுதந்திரத்தைக் கற்பனையில் அனுமதித்த மோர், அதிகாரத்தில் இருந்த காலத்தில் மாற்றுக் கொள்கையினரைத் தண்டித்தார்; பிறகு தம் மனச்சாட்சிக்கு விரோதமாகச் சத்தியம் செய்ய மறுத்தமைக்காக 1535-இல் தாமே சிரச்சேதம் செய்யப்பட்டார். ஜார்ஜ் ஆர்வெல் 1945-இல் வெளியிட்ட விலங்குப் பண்ணையின் கதையில் ஏழு கட்டளைகள் எல்லாரும் காணும்படி சுவரிலே எழுதப்படுகின்றன. எந்த மிருகமும் மற்றொரு மிருகத்தைக் கொல்லலாகாது என்ற கட்டளைக்குப் பின்னால், காரணமின்றி என்று பொருள்படும் சொல் ஒருநாள் ஒட்டிக்கொள்கிறது, அதன்பின் கொலைகள் சட்டபூர்வமாகிவிடுகின்றன. அந்தப் பண்ணையில் இல்லாதது ஒன்றுதான்: சுவரில் எழுதியிருந்ததை மாற்றியது யார் என்று விசாரிக்க அதிகாரம் பெற்ற, அஞ்சாத ஒரு நியாயஸ்தலம்.

அந்த ஒன்றையே நம் அரசியல் நிர்ணய சபை தேடியது. அடிப்படை உரிமை மீறப்பட்டால் எந்த மனிதரும் நேரே உச்ச நீதிமன்றத்தை அணுகலாம் என்ற ஷரத்தைப் பற்றி டாக்டர் அம்பேத்கர் பேசிய நாள் 1948 டிசம்பர் 9. அரசியல் சட்டத்தின் இதயமும் ஆன்மாவும் அதுவே என்பது அவருடைய அபிப்பிராயம். மறுநாள், டிசம்பர் 10-இல், ஐக்கிய நாடுகள் சபை சர்வதேச மனித உரிமைப் பிரகடனத்தை ஏற்றுக்கொண்டது. ஆண்கள் என்று மட்டும் பொருள் கொள்ளத்தக்க வாசகத்தை மாற்றி, மனிதப் பிறவிகள் அனைவரும் என்று அந்தப் பிரகடனத்தின் முதல் ஷரத்து அமையுமாறு வற்புறுத்தி வென்றவர், இந்தியாவின் சார்பில் அங்கே அமர்ந்த ஹன்சா மேத்தா. அம்பேத்கர் புகழ்ந்த, இன்று நம் அரசியல் சட்டத்தின் 32-ஆம் ஷரத்தாக விளங்கும் அந்த வழியை 226-ஆம் ஷரத்து உயர் நீதிமன்றங்களுக்கும் விரித்தது. ராயகிரியில் ஒருவரைப் போலீசார் கைதுசெய்தால், காரணத்தைச் சொல்லவும், இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட்டின் முன் நிறுத்தவும் அவர்கள் கடமைப்பட்டவர்கள். சட்டவிரோதமாக அடைத்துவைத்தால், அவருடைய மனைவியோ தாயோ ஆட்கொணர்வு மனு போடலாம். வக்கீலுக்குக் கொடுக்கப் பணமில்லையென்றால் வட்ட சட்டப் பணிகள் குழுவை அணுகலாம். யானையின் மாலைக்காக எவரும் காத்திருக்க வேண்டியதில்லை.

அப்படியானால் கற்பனை நாடுகளிடம் நாம் இனிக் கேட்டுப்பெற ஒன்றுமில்லையா என்றால், இருக்கிறது. வேதநாயகம் பிள்ளையின் கண்டனத்துக்குப் பாதி விடையே கிடைத்திருக்கிறது. 1976-இல் திருத்தப்பட்ட ஆட்சிமொழிச் சட்டத்தின்படி கீழ்க்கோர்ட்டுகளுக்குத் தமிழ் வந்தது, ஆனால் சென்னை உயர் நீதிமன்றத்திலும் தமிழ் வழங்க வேண்டுமென்று 2006-இல் சட்டசபை நிறைவேற்றிய தீர்மானம் இன்னும் பலிக்கவில்லை. ரொக்கையாவின் ராணி எழுப்பிய பிரச்சினையோ இதைவிடப் பெரிது. 1983 முதல் கடல் கடந்து வந்த இலங்கைத் தமிழர்களுக்குத் தமிழ்நாடு தஞ்சமளித்தது. அவர்கள் தங்கும் இடங்களுக்கு 2021-இல் மறுவாழ்வு முகாம் என்று பெயரும் மாறியது. ஆனால் 1951 உடன்படிக்கையில் இந்தியா கையொப்பமிடவில்லை. அகதிகளுக்கென்று தனிச்சட்டமும் இங்கே கிடையாது. 2019-ஆம் ஆண்டின் குடியுரிமைத் திருத்தச் சட்டம் இலங்கைத் தமிழர்களைத் தொடவில்லை. அவர்களில் 2015 ஜனவரி 9-க்குள் வந்து பதிவு செய்துகொண்டவர்களுக்கு, பயண ஆவணங்கள் இல்லாத குற்றத்துக்கான தண்டனையிலிருந்து 2025-இல் விலக்களிக்கப்பட்டிருக்கிறது. இது வரவேற்கத்தக்கதே, எனினும், தண்டனை இல்லை என்று சொல்வதும் உரிமை உண்டு என்று சொல்வதும் ஒன்றாகா. அரசியல் சட்டத்தின் 21-ஆம் ஷரத்து பிரஜைக்கு மட்டுமின்றி எந்த மனிதருக்கும் உயிரையும் சுதந்திரத்தையும் காக்கிறதென்று, சக்மா அகதிகளின் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-இல் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பின்மேல் நின்றுகொண்டு, முகாமில் பிறந்து முகாமிலேயே வளர்ந்து, இங்கேயே படித்துப் பட்டம் பெற்றும் எந்த நாட்டுப் பிரஜை என்று எழுத முடியாமல் தவிக்கும் இளைஞர்களுக்கு, பாராளுமன்றம் ஒரு சட்டம் இயற்ற வேண்டும். தஞ்சம் கேட்பவர் யாரிடம் மனுச் செய்வது, எத்தனை காலத்துக்குள் விடை பெறுவது, விடை பாதகமானால் எந்தக் கோர்ட்டுக்குப் போவது, எத்தனை ஆண்டுகள் வாழ்ந்தபின் குடியுரிமை கோருவது என்பவற்றையெல்லாம் அச்சட்டம் சந்தேகத்துக்கு இடமின்றிச் சொல்ல வேண்டும்.