பருத்திக் காய்ப்புழுவும் மருந்தெதிர்ப்புப் பரீக்ஷையும்

பருத்தி பயிரிடும் கிராமங்களில் சப்பை கட்டும் காலம் வந்தவுடன் ஒரு முறையீடு எழுவது வழக்கம். சென்ற வருஷம் ஒரே தெளிப்பில் மடிந்த பச்சைக் காய்ப்புழு இவ்வருஷம் மூன்று தெளிப்புக்கும் அசையவில்லை என்பர். மருந்தில் கலப்படம் என்பார் ஒருவர். மழை கழுவிவிட்டது என்பார் மற்றொருவர். புழு மருந்துக்குப் பழகிவிட்டது என்று வயது முதிர்ந்தவர் முடிவு கூறுவார். இம்மூன்றும் நேரக்கூடியவையே. ஆனால் எது நேர்ந்தது என்று அறியாமலே நான்காம் தெளிப்புக்குக் கடன் வாங்குவதில்தான் குடும்பங்கள் நொடித்துப் போகின்றன.

‘பழகிவிட்டது’ என்னும் சொல் முற்றிலும் பொருத்தமானதன்று. ஒரு புழு தன் ஆயுளில் விஷத்துக்குப் பழகுவதில்லை. பல்லாயிரம் புழுக்களுள் ஏதோ சிலவற்றுக்கு விஷத்தைத் தம் உடலுக்குள்ளேயே சிதைக்கும் சக்தியோ, விஷம் தாக்காத நரம்பமைப்போ பிறவியிலேயே அமைந்திருக்கும். மருந்து தெளித்தால் மற்றவை மடியும், இவை பிழைக்கும். பிழைத்தவை அந்துப்பூச்சிகளாகித் தம்முள் கூடி, ஒவ்வொன்றும் நூற்றுக்கணக்கில் முட்டையிடும். ஒரு தலைமுறைக்கு ஏறக்குறைய ஒரு மாதமே ஆகுமாதலால், அதே மருந்தைத் திரும்பத் திரும்பத் தெளிப்பவர் பிழைக்கும் ஜாதியைத் தாமே பொறுக்கி விதைக்கிறவர் ஆகிறார். இது புதிய விஷயமுமன்று. கந்தகச் சுண்ணாம்புக் கரைசலுக்குப் பழமரச் செதில் பூச்சிகள் மடியாமை பற்றி அமெரிக்காவில் மெலாண்டர் என்பவர் 1914ஆம் வருஷத்திலேயே எழுதியிருக்கிறார்.

இதை அறியாததால் விளைந்த நஷ்டத்துக்கு ஆந்திரப் பிரதேசத்தின் குண்டூர், பிரகாசம் ஜில்லாக்களே சாட்சி. 1980க்குப் பின் பைரித்ராய்டு என்னும் வகை மருந்துகள் அங்கே பரவின. சிறிதளவே போதும், புழு உடனே விழும் என்பதால் குடியானவர்கள் வேறு மருந்தை நாடவில்லை. 1987-88 பருவத்தில் பச்சைக் காய்ப்புழு பெருகியபோது அம்மருந்துகள் பலிக்கவில்லை. இரண்டு மூன்று மருந்துகளைக் கலந்து, சில நாட்களுக்கொரு முறை தெளித்தும் காய்கள் மிஞ்சவில்லை. கடன் தாங்காமல் உயிரை மாய்த்துக்கொண்டவர்களும் உண்டு. பின்னர் அப்பகுதிப் புழுக்களைப் பரீக்ஷித்தபோது அவை பைரித்ராய்டுகளை எதிர்க்கும் வலிமை பெற்றிருந்தமை வெளியாயிற்று. ஆனால் விளைச்சல் போன பின் கிடைத்த விடையால் அவ்வருஷத்துக் குடியானவனுக்கு யாது பயன்? அப்பரீக்ஷை இரண்டு வருஷம் முன்னதாக நடந்திருக்க வேண்டும்.

பரீக்ஷை செய்யும் முறை கடினமானதன்று, பொறுமையே வேண்டும். வயலில் திரட்டிய புழுக்களைத் தனித்தனிக் குப்பிகளில் வைத்து அனுப்புவர். ஒரே டப்பாவில் அடைத்தால் ஒன்றையொன்று தின்றுவிடும். இதை அறியாமல் அனுப்பிய மாதிரிகள் வீணாவதுண்டு. ஆராய்ச்சிச் சாலையில் அவற்றை அந்துப்பூச்சியாக வளர்த்து, அடுத்த தலைமுறைப் புழுக்களைப் பரீக்ஷைக்கு எடுப்பர். மூன்றாம் பருவத்தில் 30 முதல் 40 மில்லிகிராம் எடையுள்ளவையே தகுந்தவை. பெரிய புழு இயல்பாகவே அதிக விஷத்தைத் தாங்குமாதலால், எடை கலந்தால் கணக்குப் பிழைபடும். மருந்தை அசிட்டோனில் கரைத்து, ஒரு லிட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கான சிறு துளியைப் புழுவின் முதுகில் இடுவர். வேறு சில புழுக்களுக்கு வெறும் அசிட்டோனை மட்டும் இடுவர். குறித்த நாட்கள் சென்றபின் தொட்டும் நகராதவற்றை இறந்தவையாகக் கொள்வர்.

மருந்தின்றியும் சில புழுக்கள் இறக்கும் அன்றோ? அதைக் கழிக்க 1925இல் ஆபட் என்பவர் வகுத்த கணக்கு இன்றும் வழங்குகிறது. வெறும் துளியிட்ட 100இல் 4 இறந்தன, மருந்திட்ட 100இல் 76 இறந்தன என்று வைத்துக்கொள்வோம். 76இல் 4 போக 72. 100இல் 4 போக 96. 72ஐ 96ஆல் வகுத்தால் நூற்றுக்கு 75. எதிர்ப்பில்லாத புழுக்களில் நூற்றுக்கு 99ஐக் கொல்லும் அளவையே இட்டிருந்தால், ஒன்று பிழைக்க வேண்டிய இடத்தில் இருபத்தைந்து பிழைத்திருக்கின்றன என்பது பொருள். வயலில் மருந்து இன்னும் ஓரளவு பலிப்பதுபோலவே தோன்றும். அப்பொழுதே எச்சரிக்கை கிடைப்பதுதான் இப்பரீக்ஷையின் பெரும் பயன். நூற்றுக்கு எண்பது பிழைக்கும் நிலைக்கு வந்துவிட்டால் பரீக்ஷையே வேண்டுவதில்லை; வயலைப் பார்த்தாலே போதும்.

ஆஸ்திரேலியாவில் குவீன்ஸ்லாந்தின் எமரால்டு என்னுமிடத்தில் 1983 ஜனவரியில் இதே புழுவிடம் பைரித்ராய்டு எதிர்ப்புத் தென்பட்டது. அடுத்த பருவத்திலேயே, அம்மருந்தை வருஷத்தில் ஒரு குறித்த காலத்துக்குள் மட்டுமே தெளிப்பது, மற்ற நாட்களில் வேறு வகை மருந்து என்ற ஏற்பாட்டைப் பருத்தி விவசாயிகள் ஏற்றனர். சட்டத்தின் வற்புறுத்தலின்றித் தாமாகவே இணங்கி நடந்தனர். வருஷந்தோறும் புழுக்களைப் பரீக்ஷித்தும் வந்தனர். எதிர்ப்பு அடியோடு நின்றுவிடவில்லை. ஆயினும் அதன் வேகம் குறைந்தது, மருந்து மேலும் பல வருஷங்கள் உதவிற்று.

இதில் கூட்டுறவுச் சங்கத்துக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். அந்துப்பூச்சி வரப்பைப் பார்த்துப் பறப்பதில்லை. ஒரு வயலில் தப்பிய பூச்சி அடுத்த வயலில் முட்டையிடும். ஒருவர் மட்டும் மருந்தை மாற்றி, அயலார் மாற்றாதிருந்தால் பயன் சொற்பமே. மேலும் மருந்துக் கடனைக் கொடுப்பதும், மருந்தை மொத்தமாக வாங்கித் தருவதும் பல ஊர்களில் சங்கமே. வியாபாரப் பெயர் மாறினால் மருந்து மாறிவிட்டதாகப் பலர் எண்ணுகின்றனர். சைப்பர்மெத்ரின், டெல்டாமெத்ரின், பென்வலரேட் என்ற மூன்றும் பைரித்ராய்டு வகையைச் சேர்ந்தவையே. ஒன்றுவிட்டு ஒன்றைத் தெளிப்பது சட்டையைத் திருப்பிப் போடுவதை ஒக்கும். குயினால்பாஸ் போன்றவை வேறு வகை. சங்கம் வாங்கும் மருந்தின் வகைப்பெயரைக் கையிருப்புப் புத்தகத்தில் ஒரு பத்தி கூட்டி எழுதிவைப்பதற்குச் செலவு ஏதுமில்லை.

பருத்திச் செடியிலேயே விஷத்தை அமைத்த பி.டி. விதை வந்தபின் இவ்வளவு கவலை எதற்கு என்பாரும் உளர். இந்தியாவில் அவ்விதை 2002இல் அனுமதி பெற்றது. குஜராத்தில் இளஞ்சிவப்புக் காய்ப்புழு அதன் முதல் வகையை எதிர்க்கத் தொடங்கிவிட்டதென 2010இல் அறிவிக்கப்பட்டது. செடியிலிருந்தாலும் டப்பாவிலிருந்தாலும் விஷம் விஷமே. சுற்றிலும் சாதாரணப் பருத்தி நட வேண்டும் என்ற விதியைப் பெரும்பாலோர் நிலம் வீண் என்று கருதிக் கைவிட்டதும் இதற்கு ஒரு காரணம். அந்த வரிசைகளில் பிறக்கும் எதிர்ப்பில்லாப் பூச்சிகள், பிழைத்த பூச்சிகளோடு கூடி அவற்றின் சந்ததியை வலுவிழக்கச் செய்யும் என்பதை எவரும் அவர்களுக்கு விளங்க எடுத்துரைக்கவில்லை போலும்.

மருந்தெதிர்ப்பை அளவிடும் வேலையை நாகபுரியில் 1976இல் நிறுவப்பட்ட மத்தியப் பருத்தி ஆராய்ச்சி நிலையம் செய்துவருகிறது. கோயம்புத்தூரில் அதன் கிளை உண்டு. தெளிப்புப் பலிக்கவில்லை என்ற முறையீடு வந்தால், சங்கத்தார் முதலில் தெளித்த தேதி, மருந்தின் பெயரும் வகையும், கலந்த தண்ணீரின் அளவு, அன்று மழை பெய்ததா, புழு சிறிதா பெரிதா என்பவற்றைக் குறித்துக்கொள்ளல் நலம். இக்குறிப்பிலேயே பாதி முறையீடுகளுக்குக் காரணம் விளங்கிவிடலாம். விளங்காதவற்றுக்குப் பல வயல்களிலிருந்து புழு திரட்டி, குப்பிக்கு ஒன்றாக இட்டு, தின்பதற்கு ஒரு சப்பையும் வைத்து, குறிப்பின் நகலோடு விவசாய அதிகாரி மூலம் அனுப்பலாம். விடை வரும்வரை அதே வகை மருந்துக்கு மறு கடன் கொடுப்பதை நிறுத்தி வைக்கும் உரிமை சங்க நிர்வாகக் கமிட்டிக்கு இருக்க வேண்டும்.