வீட்டை விற்கப் போறீங்களா? எந்த ரிப்பேருக்குச் செலவு செய்யலாம், எதுக்கு வேண்டாம்? லவ்டேல் கணக்கு இதுதான்!

"விக்கப் போற வீட்டுக்கு எதுக்குச் செலவு?" என்பார் ஒருவர். "பெயின்ட் அடிச்சு, கிச்சனை மாத்துங்க, ரேட் ஏறும்" என்பார் இன்னொருவர். ஊட்டியை ஒட்டிய லவ்டேல் போன்ற மலை ஊரில் இரண்டையுமே அப்படியே நம்ப முடியாது. இங்கே வாங்க வருபவரின் முதல் பயம் மழையும் மண்ணும்தான்.

ஏன் அந்தப் பயம்?

லவ்டேலுக்குப் பக்கத்தில் உள்ள கேத்தியில் 2009 நவம்பர் 10 அன்று 24 மணி நேரத்தில் 82 செ.மீ. மழை பதிவானது. அந்த மழையின் நிலச்சரிவுகளில் நீலகிரியில் 40-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அதனால் சரிவில் இருக்கும் வீடு என்றால், விவரம் தெரிந்தவர் ஹாலைவிட தடுப்புச் சுவரைத்தான் முதலில் பார்ப்பார்.

எதுக்குச் செலவு செய்யலாம்?

* உடைந்த ஓடு, துருப்பிடித்த தகரக் கூரை
* கூரைத் தண்ணீரை இறக்கும் குழாய், வீட்டைச் சுற்றியுள்ள வாய்க்கால்
* தடுப்புச் சுவரில் விரிசல், தண்ணீர் வெளியேறும் துளைகளில் அடைப்பு

பெயின்ட் மட்டும் போதாதா?

போதாது. ஓதத்தை நிறுத்தாமல் மேலே பெயின்ட் அடித்தால், அடுத்த மழைக்கே சுவர் உப்பிவிடும். சட்டச் சிக்கலும் இருக்கு. சாதாரணமாகப் பார்த்தால் தெரியாத முக்கியக் குறை ஏதாவது விற்பவருக்குத் தெரிந்திருந்தால், அதை வாங்குபவரிடம் சொல்லியே ஆக வேண்டும் என்கிறது 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், பிரிவு 55.

கூடுதலா ஒரு ரூம் கட்டலாமா?

அவசரப்படாதீங்க. நீலகிரியில் கட்டட உயரத்துக்கு 7 மீட்டர் வரம்பு உண்டு. மண் வெட்ட இயந்திரம் கொண்டுவரவும் அனுமதி வேண்டும். பிளானில் இல்லாத ரூம் இருந்தால், வாங்குபவருக்கு வங்கிக் கடன் கிடைப்பதே சிக்கலாகலாம். அதற்குப் பதில் பட்டா, வில்லங்கச் சான்று, அனுமதி பெற்ற பிளான், சொத்து வரி ரசீது ஆகியவற்றை எடுத்து வைப்பது நல்லது. செலவு கம்மி, பலன் அதிகம்.

மாடுலர் கிச்சன், பளபள டைல்ஸ்?

வாங்குபவரின் ரசனை வேறாக இருக்கலாம். ஊட்டிக் குளிரில் பளபள டைல்ஸ் காலுக்கு ஜில்லென்று இருக்கும் என்பதும் உண்மை. கடன் வாங்கிச் செய்ய வேண்டாம்.

எப்படி முடிவெடுப்பது?

ஒரே கேள்விதான்: "இதைச் சரி செய்யாவிட்டால் எவ்வளவு குறைத்துக் கேட்பார்கள்?" உதாரணமாக, 50,000 ரூபாயில் சரியாகும் ஒழுகலுக்கு 2 லட்சம் குறைத்துக் கேட்டால், அந்த ரிப்பேர் லாபம். 4 லட்ச ரூபாய் கிச்சனுக்கு 1 லட்சம்தான் கூட்டித் தருவார்கள் என்றால், கையை விட்டுப் போவது 3 லட்சம்.

பில்லைப் பத்திரப்படுத்துங்க!

புதிதாகத் தடுப்புச் சுவர் கட்டுவது போன்ற மேம்பாட்டுச் செலவை, வீடு விற்ற லாபத்துக்கான வரிக் கணக்கில் கழிக்க முடியும். பெயின்ட், வழக்கமான ரிப்பேர் செலவுக்கு அந்தச் சலுகை கிடையாது. வேலையைத் தொடங்கும் முன்பே ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது.