அட்டையாற் செய்த கிற்றார்

கிற்றார் வாங்கச் செல்லும் நம் மாணாக்கர் முதலிற் செய்வது யாது? கருவியைத் திருப்பி, முதுகுப் பலகையின் வரிகளையும் மெருகையும் வியந்து நிற்பதே. இன்னோசை பிறக்குமிடம் அதுவன்று. இதனை 1862ஆம் ஆண்டில் ஒருவர் விந்தையானதொரு முறையிற் காட்டினார்.

அவர் பெயர் அந்தோனியோ தெ தொறெஸ். ஸ்பெயின் நாட்டு அல்மேரியாவில் 1817இற் பிறந்து, இளமையில் தச்சுத்தொழில் பயின்று, செவில் நகரிற் கிற்றார் செய்து புகழ்பெற்றவர். மேற்பலகையை மட்டும் வழக்கம்போல் மரத்தால் அமைத்து, முதுகையும் பக்கங்களையும் காகித அட்டையாற் செய்து, அவர் ஒரு கிற்றாரை ஆக்கினார். பார்சிலோனா இசை அருங்காட்சியகத்தில் அது பேணப்படுகின்றது.

மெலிந்த நரம்பு தானாக மிகுந்த காற்றை அசைக்கமாட்டாது. அதன் அதிர்வு குதிரை வழியாக மேற்பலகையிற் பாய்ந்து, பலகை முழுவதும் அதிரும்போதே ஒலி பெருகும். பண்டை யாழிற் பத்தரைப் போர்த்த தோலின் பணியை இங்கே பலகை செய்கின்றது எனலாம். பலகை மெல்லியதாயின் நன்கு ஒலிக்கும். ஆயின் நரம்புகளின் இழுவையால் வளைந்து கெடும். தடித்ததாயின் நெடுங்காலம் நிலைக்கும், ஆனால் ஊமையாகிவிடும். கிற்றார்த் தச்சனின் இடர்ப்பாடெல்லாம் இவ்விரண்டுக்கும் இடையிலேதான்.

தொறெஸ் பலகையை மெல்லிதாக இழைத்து, சிறிதே குவிவாக்கி, உட்புறத்தில் ஏழு சிறு சட்டங்களை விசிறிபோல் விரித்து ஒட்டினார். விசிறியமைப்பை முதலிற் கண்டவர் அவரல்லர். காடிஸ் நகரத்து வினைஞர் 18ஆம் நூற்றாண்டிலேயே அதனைக் கையாண்டனர். உடலைப் பெரிதாக்கி, நரம்பின் நீளத்தை ஏறக்குறைய 65 சென்றிமீற்றராக்கி, யாவற்றையும் ஒரு கருவியில் இயைவித்ததே அவர் பெருமை. பிற்காலச் செந்நெறிக் கிற்றார்கள் பெரும்பாலும் அவ்வமைப்பையே தழுவின. அமெரிக்காவில் மாட்டின் என்பாரின் பட்டறையோ 1840களிற் சட்டங்களைப் பெருக்கற் குறிபோல் அமைத்தது. பின்னர் வந்த உருக்குக் கம்பிகளின் பேரிழுவைக்கு அது ஈடுகொடுத்தது.

இத்துணைத் திறனுடையார்க்கும் தொழில் போதிய ஊதியம் தரவில்லை போலும். 1870 அளவில் அவர் அல்மேரியாவுக்குத் திரும்பிப் பீங்கான் கடை வைத்தார். சில ஆண்டுகளின் பின் மீண்டும் உளியெடுத்து, 1892இல் இறக்கும்வரை கிற்றார் செய்தார். அவருடைய தொழில் இரகசியத்தைக் கேட்டோர்க்கு, அது தம் பெருவிரல் நுனியிலும் சுட்டுவிரல் நுனியிலும் உள்ளதென்றும், பலகை செவ்வனே அமைந்ததா என்பதை அவையே தமக்கு உணர்த்துமென்றும், அதனைப் பிறர்க்கு விட்டுச்செல்லல் இயலாதென்றும் கூறினாராம். அவரை நேரில் அறிந்த பாதிரியார் ஒருவர் பிற்காலத்தில் இதனை எழுதிவைத்தார்.