தீபாவளி வேட்டும் வீட்டு நாயும்

தலைநகர் தில்லியில் தசரா மாலையன்று ராவணன் உருவம் வெடித்தெரிவதோடு வேட்டொலிக் காலம் தொடங்கிவிடுகிறது. ஏறத்தாழ இருபது நாட்களுக்குப் பின் தீபாவளி வருகிறது. அதைத் தொடர்ந்து கோவர்த்தன பூஜையும் பாயி தூஜும், பின்னர் திருமண ஊர்வலங்களும், இறுதியில் ஆங்கிலப் புத்தாண்டு நள்ளிரவும் வருகின்றன. நமக்கு இவை தனித்தனி விழாக்கள். வீட்டில் வளரும் நாய்க்கோ இவையாவும் சேர்ந்து, காரணம் விளங்காத ஒரே நீண்ட இடிமுழக்கமே.

இக்கட்டுரையாளர் வசிக்கும் அரசாங்கக் குடியிருப்பில், கீழ்வீட்டார் 11 வயதான நாய் ஒன்றை வளர்த்து வந்தனர். ஒரு தீபாவளியின் மறுநாள், விருந்துக்கு வந்த சிறுமி கட்டிலுக்கு அடியில் கைநீட்டி அதைத் தொட முயன்றாள். நாய் உறுமியது. அவள் கையை எடுக்கவில்லை. அது பாய்ந்து கவ்வ வந்தது. பல் படவில்லை என்பது நற்பேறே. அன்று மாலையே நாயை வேறெங்காவது அனுப்பிவிடுவதென்று பேச்செழுந்தது. இத்தகைய பேச்சு ஆண்டுதோறும் பல வீடுகளில் எழக்கூடியதே. ஆகவே, நாயின் அச்சம் எவ்வாறு உண்டாகிறது, அதனைத் தணிக்கும் வழி யாது என்பதை ஆராய்தல் பயனுள்ளதாகும்.

ஒலியின் வலிமை

மனிதன் செவிக்கு எட்டும் ஒலி, விநாடிக்கு 20 முதல் 20,000 அதிர்வுகள் வரை உள்ளது. நாயின் செவியோ சுமார் 45,000 அதிர்வுகள் வரை உணரவல்லது. உச்ச சுருதியில், நமக்குக் கேளாத மெல்லிய ஒலியும் அதற்குத் தெளிவாகக் கேட்கும். வாணம் சீறி எழும்போது உண்டாகும் கிறீச்சொலி அதற்கு நம்மைவிட அதிகமாகவே கேட்கிறது.

வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டர் தொலைவில் 125 டெசிபலுக்கு மேற்பட்ட ஒலியெழுப்பும் பட்டாசுகளை மத்திய அரசின் 1999-ஆம் ஆண்டு அறிவிக்கை தடை செய்தது. டெசிபல் அளவையில் ஒவ்வொரு 10 கூடும்போதும் ஒலியின் செறிவு பத்து மடங்காகிறது. சாதாரண உரையாடல் சுமார் 60 டெசிபல். எனவே, அனுமதிக்கப்பட்ட எல்லையிலுள்ள வெடிகூட அதைவிட முப்பது லட்சம் மடங்குக்கு மேற்பட்ட செறிவுடையது. திறந்த வெளியில் தொலைவு இரட்டிக்குந்தோறும் 6 டெசிபல் வீதம் குறையும். அவ்வாறு கணக்கிட்டால், 64 மீட்டருக்கு அப்பாலும் அது 101 டெசிபலாக இருக்கும். இருபுறமும் மாடிக் கட்டிடங்கள் உள்ள சந்துகளில் எதிரொலி காரணமாக இந்த அளவுக்கும் குறைவதில்லை.

அச்சம் உடலில் செய்வது

திடீர் ஒலியைக் கேட்டதும் நாயின் மூளை ஆபத்தென்று கொண்டு, அட்ரினலின், கார்ட்டிசால் முதலிய சுரப்பு நீர்களை இரத்தத்தில் கலக்கச் செய்கிறது. இதயம் விரைந்து துடிக்கிறது. தசைகள் இறுகுகின்றன. ஓடவேண்டும், அல்லது எதிர்க்கவேண்டும் என்ற நிலை உண்டாகிறது. ஒலி நின்றதும் இது உடனே தணிவதில்லை. அடுத்தடுத்து வெடி முழங்கினால், தணிவதற்கே இடமில்லாமற் போகிறது. தீபாவளிக்கு மறுநாள் காரணமின்றிச் சீறுவதாகத் தோன்றும் நாய், முந்தைய இரவு முழுதும் உறங்காத நாய் என்பதை நினைவிற் கொள்ளவேண்டும்.

மேலும், ருஷ்ய விஞ்ஞானி பாவ்லாவ் நாய்களைக் கொண்டு காட்டிய உண்மையும் இங்குப் பொருந்துகிறது. உணவுக்கு முன்னர்த் தவறாது வரும் ஒலி, நாளடைவில் தானே உமிழ்நீரைச் சுரக்கச் செய்கிறது. அதுபோலவே, வெடிக்கு முன்னர்த் தவறாது வரும் மாலையிருளும் கந்தக நெடியும் தாமே அச்சத்தை விளைவிக்கின்றன. அகல் விளக்கேற்றும்போதே சில நாய்கள் நடுங்கத் தொடங்குவது இதனாலேயே.

உறுமல் ஒரு செய்தி

மூச்சிரைத்தல், நடுக்கம், எச்சில் வடித்தல், பசியின்றியே உதட்டை நக்குதல், தூக்கமின்றியே கொட்டாவி விடுதல், வாலை ஒடுக்குதல், ஓயாது உலாவுதல், உணவு மறுத்தல் ஆகியன அச்சத்தின் அடையாளங்கள். இவற்றை எவரும் கவனியாதபோதுதான் நாய் உறுமுகிறது. உறுமல் என்பது, “அருகே வரவேண்டாம்” என்று நாய் விடுக்கும் எச்சரிக்கை. அதற்காக நாயை அடித்தால் அச்சம் நீங்காது; எச்சரிக்கை மட்டுமே நீங்கும். அடுத்த முறை அது உறுமாமலே கடிக்கக்கூடும்.

முதிய நாயிடம் புதிதாகத் தோன்றும் சிடுசிடுப்புக்கு வலியும் காரணமாகலாம். அஞ்சித் தசைகளை இறுக்கும்போது நோயுற்ற மூட்டு வலிக்கிறது. அவ்வலியை நாய் அவ்வொலியுடனேயே சேர்த்து நினைவிற் கொள்கிறது. பிரேசில், இங்கிலாந்து நாடுகளின் ஆராய்ச்சியாளர்கள் 2018-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று, ஒலிக்கு அஞ்சும் நாய்களிடம் மூட்டுவலி உள்ளதா என ஆராயவேண்டியதன் அவசியத்தை வற்புறுத்தியது. கீழ்வீட்டு நாயைக் கால்நடை மருத்துவர் சோதித்தபோது, அதன் இடுப்பு மூட்டு தேய்ந்திருந்தது தெரியவந்தது.

முன்னதாகச் செய்யும் பயிற்சி

அச்சத்தை இன்பத்தோடு இணைத்து மாற்றலாம் என்பதை 1924-இல் அமெரிக்க உளநூலறிஞர் மேரி கவர் ஜோன்ஸ், முயலுக்கு அஞ்சிய சிறுவன் ஒருவனிடம் காட்டினார். அவன் விரும்பும் தின்பண்டத்தை உண்ணும்போது முயலைத் தொலைவில் வைத்து, நாள்தோறும் சிறிது சிறிதாக அருகே கொணர்ந்தார். ஈற்றில் அவனே அதைத் தடவிக்கொடுத்தான்.

நாய்க்கும் இம்முறையே உரியது. பதிவு செய்த வெடியொலியை, நாய் தலைநிமிர்ந்து பார்க்காத அளவு மெல்லியதாக ஒலிக்கச்செய்து, உடனே ஒரு துண்டு இறைச்சியோ பனீரோ தரவேண்டும். ஒரு தடவைக்குச் சில நிமிடங்களே போதும். நாய் அமைதியாக இருந்தால் மட்டுமே ஒலியைச் சற்று உயர்த்தலாம். அஞ்சினால் முந்தைய அளவுக்கு இறங்கவேண்டும். இதற்கு வாரக்கணக்கிலோ மாதக்கணக்கிலோ காலம் பிடிக்கும். ஆதலின் கோடையிலேயே தொடங்குதல் நலம். விழாவுக்கு இரண்டு நாள் முன்பு அவசரமாகத் தொடங்கினால் அச்சம் வளரவே செய்யும்.

விழா நாளில் கவனிக்கவேண்டியவை

மாலை மயங்குமுன்பே நாயை உலாவ அழைத்துச் சென்று, உணவும் கொடுத்துவிடவேண்டும். தெருவை ஒட்டாத உள்ளறையில் சன்னல்களை மூடித் திரையிட்டு, பழகிய விரிப்பையும் நீரையும் வைக்கவேண்டும். மின்விசிறியோ வானொலியோ இயங்கினால் வெளியொலி ஓரளவு மறைக்கப்படும். நாய் தானே கட்டிலடியையோ குளியலறையையோ தேர்ந்துகொண்டால், அங்கேயே விட்டுவிடவேண்டும். கட்டி வைத்தல் தகாது. பட்டையில் உரிமையாளரின் தொலைபேசி எண் இருத்தல் வேண்டும். மிரண்டு ஓடிய நாய் வீடு திரும்ப அதுவே துணை.

அஞ்சும் நாயைத் தேற்றினால் அச்சம் வேரூன்றிவிடும் என்ற கருத்து பலரிடம் உண்டு; அது தவறு. தன்னிடம் வந்து ஒண்டும் நாயை அமைதியாகத் தடவிக்கொடுப்பதால் தீங்கு எதுவுமில்லை.

விருந்தினர் வரும்போது நாய் தனியறையில் இருத்தல் இருசாராருக்கும் நன்று. உறங்கும் நாயையும் ஒளிந்திருக்கும் நாயையும் தொடலாகாது என்று குழந்தைகளுக்கு முன்னரே கூறவேண்டும். ஒருவேளை கடி நேர்ந்தால், காயத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடங்கள் கழுவி, தாமதமின்றி மருத்துவமனைக்குச் சென்று, வெறிநோய்த் தடுப்பூசி குறித்து மருத்துவர் கூறுவதை ஏற்று நடக்கவேண்டும். இனிப்புப் பெட்டிகளையும் எட்டாத இடத்தில் வைக்கவேண்டும். உலர்ந்த திராட்சை நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடும். சாக்லேட்டும் அதற்கு நஞ்சே.

மிகுதியாக அஞ்சும் நாய்க்கு மருந்து தேவைப்படலாம். இதில் ஓர் எச்சரிக்கை அவசியம். நெடுங்காலமாகத் தரப்பட்டுவந்த அசிப்ரோமசின் என்னும் மருந்து, தனியே தரப்படும்போது உடலை அடக்குமேயன்றி அச்சத்தை அகற்றாது. நாய் அசையாது கிடக்கும், உள்ளே நடுங்கிக்கொண்டிருக்கும். அச்சத்தையே தணிக்கும் வேறு மருந்துகள் இன்று உள்ளன. எதைத் தருவது, எவ்வளவு தருவது என்பதைக் கால்நடை மருத்துவரே முடிவு செய்யவேண்டும். மனிதருக்குரிய தூக்க மாத்திரையைத் தாமாகக் கொடுப்பது உயிருக்கே ஆபத்தாகலாம்.

நமது பொறுப்பு

இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலியெழுப்பும் பட்டாசுகளை வெடிக்கலாகாது என்று உச்ச நீதிமன்றம் 2005-இல் தீர்ப்பளித்தது. தீபாவளியன்று இரவு 8 முதல் 10 மணி வரை மட்டுமே வெடிக்கலாமென 2018-இல் ஆணையிட்டது. பின்னர் வந்த கட்டுப்பாடுகள் இடத்துக்கு இடம், ஆண்டுக்கு ஆண்டு மாறியுள்ளன. நாகபுரியிலுள்ள தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆராய்ச்சி நிலையம் உருவாக்கிய பசுமைப் பட்டாசுகள் 2019-இல் வெளியிடப்பட்டன. அவை புகையைக் குறைப்பவையாயினும், வெடிப்பவையே. நாயின் செவிக்கு அவை பசுமையானவை அல்ல. ஒளிந்துகொள்ள அறையில்லாத தெருநாய்க்கு, மாடிப்படியின் அடியில் ஒரு மூலையை விட்டுவைத்தல் எவராலும் இயலும்.

கீழ்வீட்டு நாய் எங்கும் அனுப்பப்படவில்லை. மூட்டுவலிக்குச் சிகிச்சை நடந்தது. கோடை முதல் பயிற்சியும் நடந்தது. அடுத்த தீபாவளியன்று அது உள்ளறையில் விரிப்பின்மீது படுத்திருந்தது. பெரிய வெடி முழங்கியபோதெல்லாம் உடல் சிலிர்க்கத்தான் செய்தது. ஆயினும் தட்டில் வைத்த சோற்றை உண்டது. சென்ற ஆண்டு கைநீட்டிய சிறுமி, இம்முறை வாயிற்படியிலேயே நின்று பார்த்துவிட்டு, ஓசைப்படாமல் கதவைச் சாத்திச் சென்றாள்.