உங்களுக்குத் தெரியுமா? மேயருக்கே விழுந்த அபராதம்

1918 அக்டோபரில் இன்ஃபுளூயன்சா காய்ச்சல் பரவியபோது, அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவில் வெளியே போகிறவர்கள் முகக்கவசம் அணிய வேண்டும் என்று சட்டமே போட்டுவிட்டார்கள். என்95 எல்லாம் அப்போது ஏது? காயத்துக்குக் கட்டும் சல்லாத்துணியை நாலாக மடித்து நாடா வைத்துத் தைத்ததுதான் கவசம். அது கிருமியை எவ்வளவு தடுத்திருக்கும் என்பது சந்தேகம்தான். மீறினால் 5 முதல் 100 டாலர் வரை அபராதம், அல்லது 10 நாள் சிறை. புகைப் பிரியர்கள் சும்மா இருப்பார்களா? சுருட்டு நுழையும் அளவுக்குத் துணியில் ஓட்டை போட்டுக்கொண்டார்கள்!

வேடிக்கை என்னவென்றால், ஊருக்கு உபதேசம் செய்த மேயர் ஜேம்ஸ் ரோல்ஃபே நவம்பரில் குத்துச்சண்டை பார்க்கப் போன இடத்தில் வெறும் முகத்தோடு படத்தில் சிக்கினார். அபராதம் 50 டாலர். சட்டத்துக்காக முன்னின்று வாதாடிய சுகாதார அதிகாரி வில்லியம் ஹாஸ்லரும் தப்பவில்லை. அவருக்கு 5 டாலர்.

நவம்பர் 21 நண்பகல் சங்கு ஊதியதும் கவசங்கள் தெருவில் பறந்தன. காய்ச்சல் மறுபடி தலைதூக்கவே, 1919 ஜனவரியில் உத்தரவும் திரும்பி வந்தது. இம்முறை அதை எதிர்க்க ‘முகக்கவச எதிர்ப்புச் சங்கம்’ என்று ஓர் அமைப்பே கிளம்பியது. பிப்ரவரி 1-ஆம் தேதி உத்தரவு விலக்கிக்கொள்ளப்பட்டது.