கழிவுநீர்க் குழாயில் தொடங்கிய பேச்சு

சைப்ரஸ் தீவின் பெயர் நமக்குப் புதியதன்று. முஆவியா (ரலி) அவர்களின் கடற்படையெடுப்பில் சென்று, வாகனத்திலிருந்து தவறி விழுந்து உயிர்நீத்த உம்மு ஹராம் (ரலி) அவர்களின் வரலாற்றை ஹதீஸ் நூல்களில் படித்திருக்கிறோம். அத்தீவின் தலைநகரான நிக்கோசியா இன்றும் இரண்டாகப் பிளந்து கிடக்கிறது. தெற்கே கிரேக்கக் கிறிஸ்தவர்கள், வடக்கே துருக்கி முஸ்லிம்கள், நடுவே ஐ.நா. படையினர் காவல் காக்கும் வெற்று நிலம்.

1963ஆம் ஆண்டின் இறுதியில் இனக்கலவரம் மூண்டபோது, பிரிட்டிஷ் இராணுவ அதிகாரி ஒருவர் வரைபடத்தில் பச்சைப் பென்சிலால் ஒரு கோடு இழுத்தார். 1974இல் துருக்கிப் படை தீவில் இறங்கிய பின்னர் அக்கோடு, எவரும் கடக்கவியலாத எல்லையாக இறுகிவிட்டது. கடைவீதிகள் பாதியில் அறுந்தன. அண்டை வீட்டார் அந்நியராயினர்.

ஆனால் கழிவுநீருக்கு எல்லைக்கோடு தெரியாது. அது மேட்டிலிருந்து பள்ளத்துக்குத்தான் ஓடும். பிரிவினைக்கு முன்பே தொடங்கிய கழிவுநீர்த் திட்டத்தில் குழாய்களின் பெரும்பகுதி தெற்கே அமைந்திருந்தது; சுத்திகரிப்பு நிலையத்துக்கான இடமோ வடக்கே சிக்கிக் கொண்டது. ஒருவரையொருவர் நாடாமல் இரு தரப்பாராலும் ஊரைச் சுத்தமாக வைத்துக்கொள்ள இயலவில்லை. 1978இல் தெற்கின் மேயர் லெல்லோஸ் டிமிட்ரியாடிஸும் வடக்கின் மேயர் முஸ்தபா அகின்ஜியும் சந்தித்து, அரசியலை ஒதுக்கிவைத்து, சாக்கடையைப் பற்றி மட்டும் பேசினர். ஒருவரது ஆட்சியை மற்றவர் அங்கீகரிக்காத நிலையில், ஐ.நா. வளர்ச்சித் திட்டம் நடுவில் நின்று உதவிற்று. அண்டை வீட்டார் உரிமை பற்றி மிம்பர்களில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். அவ்வுரிமை சாக்கடை வழியாகவும் வரும் என்பதை நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருப்போம்?

அந்தப் பேச்சிலிருந்து, 1979இல் நகர் முழுமைக்கும் ஒரே நில உபயோகத் திட்டம் வகுக்க இணக்கம் பிறந்தது. இதில் போற்றத்தக்க நுட்பம் ஒன்று உண்டு. திட்டம் வகுத்தோர் இரண்டு நிலைகளை மனத்திற் கொண்டு வரைந்தனர்: எல்லை நீடித்தால் எப்படி, நீங்கினால் எப்படி? இன்று போடும் சாலை நாளை மறுபுறச் சாலையோடு இணையத் தடையாகிவிடக் கூடாது என்பதே நோக்கம். அச்சத்தால் மக்கள் கைவிட்ட எல்லையோரப் பகுதிகளைப் பாழாக விடாமல், தெற்கே கிரிசாலினியோட்டிஸாவிலும் வடக்கே அரப் அஹ்மதிலும் பழைய வீடுகளைப் புதுப்பித்துக் குடும்பங்களை மீண்டும் குடியமர்த்தினர். தெற்கே உமரிய்யா பள்ளிவாசலை அடுத்துள்ள உஸ்மானியர் காலத்து ஹம்மாமும் சீரமைக்கப்பட்டது. மதிலுக்குட்பட்ட பழைய நகரைப் புதுப்பித்த இப்பணிக்கு 2007இல் ஆகா கான் கட்டடக்கலை விருது கிடைத்தது.

இதனால் பகை ஒழிந்துவிட்டதா? இல்லை. முஸ்தபா அகின்ஜியே பிற்காலத்தில் வடக்கின் தலைவராகி நடத்திய சமரசப் பேச்சு 2017இல் முறிந்தது. வரைபடம் அரசியலுக்கு மாற்றாகாது. எனினும் 2008 ஏப்ரலில் பழைய கடைவீதியான லெட்ரா தெரு திறக்கப்பட்டபோது, இருபுறமும் மக்கள் வாழும் நகரம் இருந்தது. இடிபாடுகளின் நடுவே வாயில் திறக்க நேரவில்லை. சுத்திகரிப்பு நிலையமும் அதே வடபகுதியில், ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியோடு புதிதாகக் கட்டப்பட்டு, இரு பகுதிகளின் கழிவுநீரையும் ஏற்று வருகிறது.