மாட்டுங்காவில் யார் யார்?

போன தீபாவளிக்கு ஊரிலிருந்து என் மைத்துனர் மகன் வந்திருந்தான். மும்பைக்கு முதல் தடவை. வந்த மறுநாளே, "மாமா, மாட்டுங்கா பூரா நம்ம ஆட்கள்தானாமே? அங்கே போனா மெட்ராஸ் மாதிரியே இருக்கும்னு சொன்னாங்க" என்றான். 'ஆமாம்' என்று சொல்ல வாய் எழுந்தது. ஆனாலும், "நம்ம ஆட்கள்னா யாருடா?" என்று திருப்பிக் கேட்டேன். அவனிடம் பதில் இல்லை. அன்று அவனுக்குச் சொன்னதைச் சற்று ஒழுங்குபடுத்தி நம் மலருக்கு எழுதுகிறேன். மாட்டுங்கா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன் என்பதைத் தவிர இதை எழுத எனக்கு வேறு தகுதி இல்லை.

முதலில் அந்த இடம் எப்படி உண்டானது என்று பார்ப்போம். 1896-ல் பம்பாயில் பிளேக் நோய் வந்தது. நெரிசலும் அழுக்குமே காரணம் என்று கருதிய அரசு, 1898-ல் நகர மேம்பாட்டு டிரஸ்ட் ஒன்றை ஏற்படுத்தியது. நகருக்கு வடக்கே வயலும் தென்னையுமாகக் கிடந்த நிலங்களை எடுத்து, மனை பிரித்து, சாலை போட்டு, சாக்கடை கட்டி, புறநகர் ஒன்றை அமைப்பது அதன் திட்டங்களில் ஒன்று. தாதர், மாட்டுங்கா, சயான் பகுதிகள் அப்படித்தான் உருவாயின. கிங்ஸ் சர்க்கிளைச் சுற்றி இன்று நாம் காணும் அகலமான வீதிகளும் மரங்களும் ஃபைவ் கார்டன்ஸும் தாமாக வந்தவை அல்ல. காகிதத்தில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு வந்தவை.

(மாட்டுங்கா என்ற பெயர் 'மாதங்க' என்பதிலிருந்து வந்தது, ஒரு காலத்தில் அரசரின் யானைகள் அங்கே கட்டப்பட்டிருந்தன என்று கதை சொல்வார்கள். மாதங்கம் என்றால் தமிழிலும் யானைதான். யானையை நான் பார்க்கவில்லை.)

மனைகள் தயாராகிவிட்டன, குடியேற ஆள் வேண்டுமே! ஊருக்கு வெளியே போக யாருக்கும் மனமில்லை. முதலில் விழித்துக்கொண்டவர்கள் பார்சிகள். மஞ்சர்ஜி ஜோஷி என்ற பொறியாளர் டிரஸ்ட்டை வற்புறுத்தி 103 மனைகளைத் தம் சமூகத்தாருக்கென்றே ஒதுக்க வைத்தார். அதுதான் தாதர் பார்சி காலனி. அதை ஒட்டிய ஹிந்து காலனியில் மராட்டிய நடுத்தரக் குடும்பங்கள் வந்தன. ஆக, ஆரம்பத்திலேயே இந்தப் புறநகர் வீதிக்கு வீதி இன்னாருக்கு என்று பிரிந்துகொண்டது.

நம்மவர் வந்தது கோட்டைப் பகுதி அலுவலகங்களை நம்பி. சுருக்கெழுத்து, தட்டச்சு, கணக்கு ஆகிய மூன்றும் தெரிந்த தஞ்சாவூர், பாலக்காட்டு இளைஞர்களுக்கு வேலை காத்திருந்தது. மாட்டுங்காவிலிருந்து வி.டி.க்கு ரயில் உண்டு. 1925 பிப்ரவரி 3-ஆம் தேதி மின்சார ரயில் ஓடத் தொடங்கியதும் போக்குவரத்து இன்னும் சுலபமாயிற்று. இன்னொரு காரணமும் உண்டு, சிரிக்காதீர்கள். பழைய பம்பாயில் சாதாரண மக்கள் வாழ்ந்தது 'சால்' எனும் ஒற்றை அறை வரிசைகளில். கழிவறை பொதுவில், தாழ்வாரக் கோடியில். மாட்டுங்காவில் கட்டியவை ஃபிளாட்டுகள். தனிச் சமையலறை, தனிக் குளியலறை, வீட்டுக்குள்ளேயே கழிவறை. ஆசாரம் பார்க்கும் குடும்பங்களுக்கு மடிச் சமையல் தனியாகக் கிடைத்தது வரம். கழிவறை அதே கூரைக்கடியில் வந்தது சங்கடம். வரத்துக்காகச் சங்கடத்தைச் சகித்துக்கொண்டார்கள். 1923-ல் ஆஸ்திக சமாஜம், 1932-ல் தென்னிந்தியக் கல்விச் சங்கம், 1952-ல் சண்முகானந்தா அரங்கை எழுப்பிய சபை என்று ஒவ்வொன்றாக வந்தன.

ஆனால் அப்போதும் அது 'தமிழர் ஊர்' அல்ல. ஆஸ்திக சமாஜத்துக்கு வழங்கும் பெயரைக் கவனியுங்கள்: 'கொச்சு குருவாயூர்'. பாலக்காட்டு ஐயருக்குத் தாய்மொழி தமிழ், சொந்த ஊர் இன்றைய கேரளம், குலதெய்வக் கோயிலில் மலையாள வழக்கம். அவரை எந்தக் கணக்கில் சேர்ப்பது? இட்லி தோசை போட்டவர்களில் பெரும்பாலோர் உடுப்பிக்காரர்கள். அவர்கள் பேச்சு துளு, கன்னடம். கிங்ஸ் சர்க்கிளில் பெரிய கணபதி வைக்கும் கௌட சாரஸ்வதர்களின் மொழி கொங்கணி. கன்னிகா பரமேஸ்வரி கோயில் தெலுங்கு வைசியர்களுடையது. இத்தனை பேரையும் ஒரே மூட்டையில் கட்டி 'மதராஸி' என்று சீட்டு ஒட்டினார்கள். 1947-ல் பிரிவினைக்குப் பின் சயான் கோலிவாடா பக்கம் பஞ்சாபி, சீக்கிய அகதிகள் குடியமர்ந்தார்கள். அந்த ரயில் நிலையத்துக்கு இன்று குரு தேக் பஹாதூர் நகர் என்று பெயர்.

இனி என் கதை. 1982-ல் டிப்ளமோவைக் கையில் வைத்துக்கொண்டு நான் ஒர்க்‌ஷாப்பில் சேர்ந்தேன். 1915-லிருந்து இருக்கும் பணிமனை அது. குவார்ட்டர்ஸ் கிடைக்கும்வரை தங்க, மாட்டுங்கா கிழக்கில் ஓர் அறை தேடினேன். 'டு லெட்' பலகை தொங்கிய கட்டடம் ஒன்று. பெரியவர் ஒருவர் வேட்டியுடன் வந்து தமிழில் பேசியதும் எனக்கு வயிறு குளிர்ந்தது.

"எந்த ஊர் தம்பி?"

"திருநெல்வேலிப் பக்கம் சார்."

"ஊர் சரி. நீங்க யாரு?"

சொன்னேன். "முன்னாடியே ஒருத்தர் கேட்டிருக்கார். அவர் வேண்டாம்னா சொல்லி அனுப்பறேன்" என்றார். பத்து நாள் கழித்துப் போனேன். பலகை அங்கேயே தொங்கிக்கொண்டிருந்தது.

எட்டு மாதம் தாராவியில் சித்தப்பா வீட்டில் இருந்தேன். ஒர்க்‌ஷாப்புக்குத் தண்டவாளம் தாண்டாமலே நடந்து போய்விடலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்தே நம் திருநெல்வேலிச் சீமைக்காரர்கள் தோல் பதனிட வந்து சேர்ந்த இடம் தாராவி. அங்கே ஒரு சந்தில் தமிழ், அடுத்த சந்தில் சௌராஷ்டிரக் குயவர்களின் குஜராத்தி, அதற்கடுத்து உத்தரப் பிரதேசத்து உருது. மாட்டுங்காவுக்கும் தாராவிக்கும் நடை தூரம்தான். இரண்டிலும் தமிழ். ஆனால் கிழக்கே இருந்தவர்கள் மேற்கே வந்து நான் பார்த்தது அபூர்வம். நாங்கள்தான் ஞாயிற்றுக்கிழமை பாலம் ஏறி இறங்கி, காபி குடிக்கவும் வெற்றிலை வாங்கவும் அங்கே போவோம். 1966-க்குப் பிறகு சில ஆண்டுகள் தென்னிந்தியர்களுக்கு எதிராக நகரில் கோஷமும் கல்வீச்சும் நடந்தனவே, அந்தக் கல்லுக்கு மட்டும் கிழக்கு மேற்கு தெரிந்திருக்கவில்லை என்று சித்தப்பா சொல்வார்.

குவார்ட்டர்ஸ் வாழ்க்கை வேறு. ரயில்வேயில் வீடு சீனியாரிட்டிப்படி. என் வலப்பக்கம் ரத்னகிரி மராட்டியர், இடப்பக்கம் கோவாக் கிறிஸ்தவர், மாடியில் ஓர் ஆங்கிலோ இந்தியக் குடும்பம், எதிரே பீகார்க்காரர். யார் என்ன சமைக்கிறார்கள் என்பது மூக்குக்குத் தெரியும். அதற்கு மேல் யாரும் கேட்டதில்லை. பழைய பெட்டி ஓவர்ஹாலுக்கு வந்தால் பெயிண்டைச் சுரண்டுவோம். நீலத்துக்கு அடியில் அரக்குச் சிவப்பு, அதற்கடியில் வேறொன்று என்று வரும். மாட்டுங்காவும் எனக்கு அப்படித்தான் தெரிந்தது.

நான் இருந்த காலத்திலேயே மேல் பூச்சு மாறத் தொடங்கிவிட்டது. கிழக்கு மாட்டுங்காவில் கட்சி, குஜராத்தி வணிகக் குடும்பங்கள் பெருகின. காரணம் எளிது. 1947 வாடகைச் சட்டத்தால் பழைய வாடகை கிட்டத்தட்ட அப்படியே உறைந்து நின்றது. நம்மவர் வீடு பெரும்பாலும் வாடகை அல்லது பகடி. பிள்ளைகள் படித்து அமெரிக்காவுக்கோ பெங்களூருக்கோ போனார்கள். மூன்று பிள்ளைகள் உள்ள வீட்டில் ஓர் அறை ஃபிளாட்டைப் பங்கிட முடியாது. உரிமையை விட்டுக்கொடுத்து வந்த பணத்தில் செம்பூர், முலுண்ட், டோம்பிவிலி, நெருல் என்று பெரிய வீடு வாங்கலாம். வாங்கினார்கள். வியாபாரக் குடும்பங்களுக்கோ கடைக்குப் பக்கத்தில் வீடு வேண்டும். விலை கொடுக்கவும் முடியும். பிறகு பழைய மூன்று மாடிக் கட்டடங்களை இடித்துக் கோபுரங்கள் கட்டும் காலம் வந்தது. இதை யாரும் துரத்தியதாக நான் நினைக்கவில்லை. ஆனால் புதிய கட்டடங்கள் சிலவற்றில் 'சைவம் மட்டும்' என்று இப்போது நம் பிள்ளைகளிடம் சொல்லும்போது, எனக்கு அந்த வேட்டிக்காரப் பெரியவர் நினைவு வருகிறது. கேள்வி அதேதான், மொழிதான் குஜராத்தி.

ஆனாலும் கடைத்தெரு சட்டென்று மாறிவிடாது. உத்தரப் பிரதேசத்துக் காய்கறிக்காரர் இன்றும் "முருங்கக்கா, சேப்பங்கிழங்கு" என்று கூவுவார். டோம்பிவிலிக்குப் போனவர்கள் பூவுக்கும் காபிப் பொடிக்கும் அங்கே வருகிறார்கள். மைத்துனர் மகன் பார்த்த கூட்டத்தில் பாதி அப்படி ரயிலேறி வந்த கூட்டமாகவே இருக்கும்.

சரி, இன்றைக்கு எத்தனை சதவீதம் யார்? மாட்டுங்கா போன்ற ஒரு பேட்டைக்கென்று தனியாக மொழிக் கணக்கு அச்சாவதில்லை. 1931 கணக்கெடுப்பில் 'இனம், பழங்குடி அல்லது சாதி' என்றே ஒரு பத்தி இருந்தது. சுதந்திர இந்தியாவில் இனம் கேட்பதில்லை, தாய்மொழி கேட்கிறார்கள். 2011-க்குப் பின் நடக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போய், 2027-க்கு என்றும் அதில் எல்லாச் சாதியும் பதிவாகும் என்றும் 2025-ல் அறிவிப்பு வந்தது.

இதில் நம் குடும்பங்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. தாய்மொழி என்பது தகப்பன் மொழியோ சொந்த ஊர் மொழியோ அல்ல. குழந்தைப் பருவத்தில் தாய் அந்த ஆளிடம் பேசிய மொழி என்பதே கணக்கெடுப்பின் விளக்கம். வீட்டில் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுத வேண்டும். அதற்கு மேல் தெரிந்த வேறு இரு மொழிகளுக்கும் 2011 படிவத்தில் இடம் இருந்தது. பலர் அதை வெறுமனே விட்டுவிட்டார்கள். எங்கள் வீட்டிலும் அப்படித்தான் நடந்தது.

என் மருமகள் சாத்தாராப் பெண். பேத்தியிடம் அவள் மராத்தியில் பேசுகிறாள், நான் தமிழில் பேசுகிறேன். விதிப்படி பேத்திக்குத் தாய்மொழி மராத்தி. மைத்துனர் மகன், "அது எப்படி மாமா, நம்ம பிள்ளையை மராட்டின்னு எழுதுறது?" என்று கோபித்துக்கொண்டான். எழுதத்தான் வேண்டும் என்றேன். அடுத்த கட்டத்தில் தமிழ் என்று எழுத, அவளுக்குத் தமிழ் தெரிந்திருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மாட்டுங்காவுக்குப் போகும்போது இப்போது அவளையும் அழைத்துப் போகிறேன். பூக்கடையில் அவள்தான் விலை கேட்கிறாள்.